கிடங்கைக் காலி செய்யாதீர்கள்

புனே கேம்பில் மகாத்மா காந்தி சாலையிலும் அதற்குப் பக்கத்து ஈஸ்ட் ஸ்ட்ரீட்டிலும் வியாபாரம் செய்யும் நம்மவர்களில் யாரைக் கண்டாலும், க்ஷேமலாபம் விசாரித்து முடிப்பதற்கு முன்பாகவே, "செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதாமே சார், எவன் எந்தத் தேதியில் என்ன வாங்குவான் என்று அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடுமாம், இனிமேல் குடோன் எதற்கு, ஸ்டாக் எதற்கு?" என்ற ஒரே வதந்தியைச் சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். போன வாரம் மொத்த மளிகை வியாபாரி ஒருவர், மென்பொருள் விற்க வந்த வாலிபன் ஒருவனின் பேச்சை நம்பி, இருபது வருஷமாக வைத்திருந்த வாடகைக் கிடங்கின் சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டதாகப் பெருமையோடு சொன்னபோது, சரக்குக் கணக்கிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த நான் இனியும் மௌனமாக இருப்பது பாபம் என்று எனக்குத் தோன்றிற்று.

யந்திரம் செய்வது ஜோசியம் அன்று. சென்ற வருஷங்களின் விற்பனை, பண்டிகை, விலை, மழை ஆகியவற்றைப் பார்த்து, வரப்போகும் தேவை உத்தேசமாக இவ்வளவு இருக்கும், இவ்வளவு தவறக்கூடும் என்று கணிதத்தால் சொல்லுகிறது. அந்த உத்தேசம் பழைய முறைகளைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு மேலானது என்பதற்கும் பிரத்தியட்சப் பிரமாணம் உண்டு. ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் என்னும் அறிஞர் 2020-இல் நடத்திய எம்-5 என்ற போட்டியில், அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனத்தின் பத்துக் கடைகளின் விற்பனைக் கணக்கைக் கொடுத்து, அடுத்த இருபத்தெட்டு நாள் விற்பனையைக் கணிக்கச் சொன்னார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் கலந்துகொண்டன. 1950-களில் சரக்கிருப்புக் கணக்குக்காக ஏற்பட்ட பழைய சராசரி முறை ஒன்று அங்கே அளவுகோலாக வைக்கப்பட்டிருந்தது. அதை வெல்ல முடிந்தவை நூற்றுக்கு ஏழரைக் குழுக்களே. முதற்பரிசு பெற்ற முறை அதைக் காட்டிலும் சுமார் 22 சதவீதம் திருத்தமாகக் கணித்தது. ஆனால் மொத்த விற்பனையை விட்டு, இந்தக் கடையில் இந்தப் பொருள் என்று கீழே இறங்கிப் பார்த்தபோது, அந்த ஆதாயம் வெகுவாகச் சுருங்கிப் போயிற்று. கேம்ப் கடைக்காரர் நிற்பது அந்தக் கீழ்ப்படியில்தான் என்பதை மென்பொருள் வாலிபன் சொல்லியிருக்க மாட்டான்.

பிழை நூற்றுக்கு இருபத்திரண்டு குறைந்ததாகவே வைத்துக்கொள்வோம். எதிர்பாராத தேவைக்கென்று நூறு மூட்டை வைத்திருந்தவருக்கு, சரக்கு வந்து சேரும் காலம் மாறாதிருந்தால், ஏறக்குறைய எண்பது மூட்டை போதும். இருபது மூட்டையின் முதல் மிச்சம். இது பெரிய லாபம், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் அந்த எண்பது மூட்டையை வானத்திலா அடுக்குவது?

மேலும், வாங்குபவன் மனத்தை முழுமையாக அறிந்தாலும் சரக்கு வரும் வழியை யார் அறிவார்? 2021 மார்ச் 23-ஆம் தேதி எவர் கிவன் என்ற ஒரே ஒரு கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, ஆறு நாள் உலக வாணிபத்தின் தொண்டையை அடைத்துக்கொண்டது. அதே ஆண்டு மின்னணுச் சில்லுகள் கிடைக்காமல் மோட்டார்த் தொழிற்சாலைகள் உலகெங்கும் திண்டாடின. அப்போது பல மாதங்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது டொயோட்டா. கையிருப்பைக் குறைக்கும் கலையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த அந்த நிறுவனமே, 2011 பூகம்பத்தில் பட்ட அடிக்குப் பிறகு, முக்கியமான சில்லுகளை மாதக் கணக்கில் சேமித்து வைக்கும்படி தனக்குச் சரக்கு கொடுப்பவர்களிடம் ஏற்பாடு செய்திருந்தது. பின்னர் அதன் உற்பத்தியும் குறைந்தது உண்மையே. ஆயினும் காப்பாற்றிய காலமெல்லாம் காப்பாற்றியது கையிருப்புத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யந்திரத்துக்கு நாம் ஊட்டும் கணக்கு சரியானதுதானா? நிக்கோல் டிஹோரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பெரிய வியாபார நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவு, நூற்றுக்கு 65 பதிவுகள் உண்மையான இருப்போடு ஒத்துப்போகவில்லை என்பது. மேற்படி மளிகை வியாபாரியின் கடையிலேயே அன்றைக்கு நான் எண்ணிப் பார்த்தேன்: திரையில் நாற்பது பெட்டி, தட்டில் முப்பத்தொன்று. இல்லாத ஒன்பது பெட்டியை இருக்கிறதென்று நம்பும் யந்திரம், எவ்வளவு மேதையாயினும், புதிய கொள்முதலைத் தாமதமாகவே சொல்லும்.

சரியாக எண்ணும் கைகளுக்கு உதாரணம் தேட வெகு தூரம் போகவேண்டாம். 2021 ஜனவரி 12-ஆம் தேதி விடியுமுன், இதே புனேயில் மாஞ்சரியிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட்டிலிருந்து கொரோனா தடுப்பு மருந்தின் முதல் லாரிகள் விமான நிலையத்துக்குப் புறப்பட்டதை நாம் அறிவோம். இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரிலேயே இருக்கவேண்டிய அந்தக் குப்பிகளைத் தேசம் முழுவதும் கொண்டுசேர்க்கத் துணைநின்ற இ-வின் என்ற அரசாங்க ஏற்பாட்டில், குளிர்சாதனப் பெட்டியின் வெப்பத்தைக் கருவி தானே அனுப்பிற்று. ஆனால் எத்தனை குப்பி வந்தது, எத்தனை செலவாயிற்று என்பதைக் கைபேசியில் பதிந்தவர்கள் மருந்து மையங்களின் ஊழியர்களே. எண்ணுகிற அந்தக் கைகள் இல்லாவிட்டால் மேலே அமர்ந்து கணிப்பதற்கு என்ன இருந்திருக்கும்?

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கிடங்கில் இனி மனிதனே இருக்கமாட்டான் என்கிறார்கள். கிடங்கு யந்திரங்கள் செய்த கிவா நிறுவனத்தை 2012-இல் வாங்கிய அமேசானிடம் இன்று பத்து லட்சம் யந்திர மனிதர்கள் உண்டு, பதினைந்து லட்சம் மனிதர்களும் உண்டு. குமாஸ்தாவின் வேலை மாறும், சிலருக்குக் கஷ்டமும் வரும், அதை மறைக்கமாட்டேன். இந்த யந்திரக் கணக்கு நேற்று முளைத்த மாயம் என்பதும் தவறு: அமெரிக்க விமானப்படையின் திட்டங்களுக்காகக் கணித அறிஞர் டான்ட்சிக் 1947-இல் வகுத்த கணித முறையும், பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த நரேந்திர கர்மார்க்கர் 1984-இல் வெளியிட்ட முறையும் இதற்கு முன்னோர்கள். இனி, நம் புனே ஜில்லாவிலிருந்து பலர் போய்ச் சேர்ந்த பம்பாயில் வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸ்களுக்குச் சுமக்கும் டப்பாவாலாக்கள் கோடிக்கணக்கான டப்பாக்களில் ஒரு தவறுதான் செய்வார்கள், ஆகவே கணினியே வேண்டாம் என்று வாதிடுவோர், அந்த எண் ஒரு வாய்மொழி மதிப்பீடேயன்றித் தணிக்கையின் முடிவன்று என்பதை உணரவேண்டும். அவர்களுடைய உழைப்பின் பெருமைக்கு அந்த அலங்காரம் தேவையுமில்லை.

யந்திரம் நமக்கு உதவவேண்டுமானால் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு; நான் பல வருஷமாக மன்றாடி வருவதும் அதுவே: முகவரியை ஒழுங்காக எழுதுவது. ஒரே சாலையை ஈஸ்ட் ஸ்ட்ரீட் என்று பாதிப் பேரும், ஜெனரல் திம்மய்யா சாலை என்று வேறு பலரும் எழுதுகிறார்கள். சிலர் "பேக்கரிக்கு எதிரில்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வழி காட்டும் யந்திரம் இவற்றை மூன்று இடங்களாக எண்ணி, பார்சல் கொண்டுவரும் பையனை வெயிலில் மூன்று முறை சுற்றவைக்கிறது. ஸம்ஸ்கிருதக் கவியான ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் தபால் இலாகாவிலிருந்து உருவாக்கி, 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்த பின்கோடு ஆறே இலக்கம். அதை எழுதவும் சோம்பலா? கட்டட எண், சாலையின் இரண்டு பெயர்கள், 411001 ஆகிய இவ்வளவையும் தயவுசெய்து எழுதுங்கள். மளிகைக்கார நண்பரே, சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இந்தச் சனிக்கிழமை கடை சாத்தியபின் ஒரு தட்டையாவது கையால் எண்ணி, திரையிலுள்ள கணக்கைத் திருத்துங்கள்.