இறுகிப்போன டிராக்டர் எஞ்சினை விடுவிக்கும் முறை

நெடுநாள் ஓடாது நின்ற டிராக்டரின் எஞ்சின், கைப்பிடியால் திருப்பினும் ஸ்டார்ட்டர் மோட்டாரால் திருப்பினும் சிறிதும் அசையாது நின்றுவிடுவதைக் கிராமப் பணியாளர் பலரும் கண்டிருப்பர். எஞ்சின் இறுகிவிட்டது என்று நாம் கூறும் இந்நிலையைப் பட்டறைகளில் 'சீஸ் ஆகிவிட்டது' என்பர். விதைப்புக்கு நான்கு நாட்களே எஞ்சியிருக்கும் தருணத்தில்தான் இது பெரும்பாலும் தெரியவரும். டிராக்டருக்கு உடையவர், மற்றொரு டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி பூட்டி, கியரில் வைத்து இழுக்கச் செய்வார். அவ்வாறு இழுத்தவுடன் எஞ்சின் சுழன்றுவிடுவதும் உண்டு. ஆயின் அதே இழுப்பில் பிஸ்டன் வளையங்கள் நொறுங்குவதும், பிஸ்டனைக் கிராங்குத் தண்டுடன் பிணைக்கும் கனெக்டிங் ராடு வளைவதும் உண்டு. சிறிதளவு எண்ணெயாலும் ஒரு வாரப் பொறுமையாலும் முடிந்திருக்கக்கூடிய வேலை, எஞ்சின் முழுவதையும் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையாகிவிடுகிறது. வண்டி பழைய மாடலாயின், உதிரி பாகம் தேடுவதிலேயே அந்தப் பருவம் கழிந்துவிடும்.

நம் நாட்டில் இத்தகைய பழைய வண்டிகள் பலவகைப்பட்டவை. ராஜஸ்தானத்துச் சூரத்கட் இயந்திரப் பண்ணை, சோவியத் நாடு அளித்த இயந்திரங்களைக் கொண்டு 1956-ல் தொடங்கப்பெற்றது. பரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் 1959-ல் வெளிவந்தது. சென்னையில் டாஃபே நிறுவனம் 1960-ல் ஏற்பட்டது. டிராக்டர்ப் பயிற்சிக்கென மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955-லும், இன்றைய ஹரியானாவிலுள்ள ஹிசாரில் 1963-லும் மத்திய அரசின் நிலையங்கள் தோன்றின. எஞ்சின்களின் அமைப்பு ஒன்றுக்கொன்று வேறுபடினும், இறுக்கம் ஏற்படும் விதமும் அதனை நீக்கும் முறையும் பெரும்பாலும் ஒன்றே.

இறுக்கம் எங்குள்ளது?

கையில் சுத்தியலை எடுக்குமுன், வண்டி கடைசியாக எவ்வாறு நின்றது என்று உடையவரைக் கேட்டறிதல் வேண்டும். நல்ல நிலையில் ஓட்டிவந்து நிறுத்தப்பட்டு, பிறகு பல மாதம் கிடந்ததா? அல்லது உழுதுகொண்டிருக்கும்போதே கிறீச்சிட்டு நின்றதா? இவ்வொரு கேள்வியே பாதி நோயைக் கூறிவிடும்.

ஓட்டத்தின்போதே நின்றது எனில், தண்ணீர் வற்றியோ மசகெண்ணெய் குன்றியோ எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியிருத்தல் வேண்டும். ஒரே அளவு உஷ்ணத்தில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். அதனால் அலுமினியப் பிஸ்டன் சிலிண்டரைவிட அதிகமாகப் பருத்து, சுவரில் உரசி, உலோகம் இழுபட்டு அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆறிய பின் இத்தகைய எஞ்சின் தானே மறுபடி சுழலக்கூடும். சுழன்றதனாலேயே குணமாகிவிட்டது என்று எண்ணுதல் தவறு. அதைப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். தாங்கிகளில் பிடித்திருப்பினும் இதுவே விதி. எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பதால் இவற்றிற்குப் பயன் இல்லை.

நின்ற இடத்தில் இறுகியதாயின் காரணம் பெரும்பாலும் துருவே. டிராக்டரின் புகைக்குழாய் வானை நோக்கி நிமிர்ந்து நிற்பது. அதன் வாய் மூடப்படாவிடில் மழைநீர் நேரே உள்ளிறங்கும். எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் ஏதேனும் ஒரு சிலிண்டரின் புகை வால்வு திறந்தே இருக்கும். அவ்வழியே சென்ற நீர் பிஸ்டனின் தலைமேல் தேங்கி, வளையங்களையும் சுவரையும் துருவால் பிணைத்துவிடுகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இருமடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்வதாகும். வளையத்துக்கும் சுவருக்கும் இடையே இருப்பதோ மிக நுண்ணிய இடைவெளி. ஆகவே துரு அங்கே ஆப்புப்போல் செயற்படுகிறது. மூன்று சிலிண்டர்களுள் ஒன்று மட்டும் இங்ஙனம் பிடித்திருப்பினும் எஞ்சின் முழுவதும் அசையாது.

எஞ்சினே இறுகாமல், இறுகியதுபோல் தோற்றும் நிலைகளும் உள. கியர் விழுந்திருக்கலாம். ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் ஃபிளைவீல் பற்களில் சிக்கியிருக்கலாம். ஸ்டார்ட்டரைக் கழற்றினால் இது தெளிவாகும். நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் தகடு ஃபிளைவீலுடன் துருப்பிடித்து ஒட்டியிருத்தல் சாதாரணம். அப்போது மிதிகட்டையை அழுத்தினாலும் எஞ்சின் கியர்ப்பெட்டியிலிருந்து பிரியாது. ஆதலின் கியரை நடுநிலையில் வைத்தே சோதித்தல் வேண்டும். இன்னொன்று, சிலிண்டரில் நீரோ டீசலோ நிறைந்திருத்தல். திரவம் அழுங்காது. இந்நிலையில் எஞ்சின் ஒரு திசையில் சிறிது சுழன்று சுவரில் மோதியதுபோல் நிற்கும். எதிர்த்திசையில் தாராளமாகத் திரும்பும். இன்ஜெக்டர்களைக் கழற்றினால் திரவம் வெளிப்பட்டு எஞ்சின் விடுபடும். இதனை அறியாது ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் இயக்கிக் கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டவர் உண்டு.

எண்ணெய் ஊட்டுதல்

துருவால் இறுகியது என்று தெளிந்தபின், முதலில் பேட்டரி இணைப்பை நீக்கிவிட வேண்டும். பின்பு அடியிலுள்ள சம்ப்பின் திருகை மெல்லத் தளர்த்தி, முதலில் வெளிவருவது யாது என நோக்குக. நீர் எண்ணெயைவிடக் கனமானதாதலின், உள்ளே நீர் இருப்பின் அதுவே முதலில் வடியும். நிறைய நீர் வடிந்து, ரேடியேட்டரும் வற்றியிருக்குமாயின், கேஸ்கெட்டோ எஞ்சின் உடலோ பழுதுற்றிருக்கலாம் என ஐயுறுதல் வேண்டும்.

அடுத்து இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசல் குழாய்களின் வாய்களைத் தூசு புகாதவாறு மூடி வைக்க வேண்டும். ஒவ்வொரு துளை வழியாகவும் சிலிண்டருக்கு 100 மில்லிலிட்டர் அளவு ஊடுருவும் எண்ணெயை ஊற்றுக. டீசலும் இலேசான மசகெண்ணெயும் சம அளவில் கலந்த கலவையே போதுமானது. தானியங்கிக் கியர்ப்பெட்டிக்குரிய எண்ணெயுடன் சம அளவு அசிட்டோன் சேர்ப்போரும் உளர். அது நன்கு ஊடுருவக்கூடியதே. ஆயின் அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும். திறந்த வெளியில், விளக்கோ பீடியோ அருகில் இல்லாதபோதே அதனைக் கையாளலாம். பெட்ரோலை ஒருபோதும் உபயோகித்தல் கூடாது.

எண்ணெய் வேலை செய்வது நுண்துளை ஈர்ப்பினால். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, துருவின் நுண்ணிய துளைகளில் அது தானே பரவிச் செல்கிறது. இதற்குக் காலம் தேவை, அவசரப்படுத்த இயலாது. நாள்தோறும் காலையில் எண்ணெய் மட்டத்தைக் குச்சியால் அளந்து பார்க்கலாம். ஒரு சிலிண்டரில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்து மற்றொன்றில் அப்படியே நிற்குமாயின், நின்ற சிலிண்டரே இறுக்கமானது என்று கொள்ளலாம். மூன்று நாளில் விடுபடும் எஞ்சினும் உண்டு. மூன்று வாரம் எடுத்துக்கொள்வதும் உண்டு.

தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினாயின் வெப்பமும் துணைபுரியும். ரேடியேட்டர் வழியே சூடான நீரை நிரப்பி, ஆறியபின் வடித்து, மீண்டும் நிரப்புக. பிஸ்டனும் சிலிண்டரும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் துருவின் பிணைப்பில் விரிசல் ஏற்பட்டு எண்ணெய்க்கு வழி பிறக்கும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினாலோ வார்ப்பு வெடித்துவிடும். பழைய ஐஷர் போன்ற காற்றால் குளிரும் எஞ்சின்களில் நீருறை இல்லாமையால் இம்முறைக்கு இடமில்லை.

காத்திருக்கும் நாட்களில் மேல்மூடியைக் கழற்றி வால்வுகளைச் சோதித்துவிடலாம். ஒவ்வொரு வால்வுத் தண்டின் தலையிலும் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினால், அது இறங்கி உடனே மேலெழும்ப வேண்டும். இறங்கியது அங்கேயே நின்றுவிடின் வழித்துளையில் அது துருப்பிடித்துள்ளது. அதனைச் சீர்செய்யாது எஞ்சினைச் சுழற்றினால், மேலெழும் பிஸ்டன் வால்வில் மோதும். வால்வோ தள்ளுகோலோ வளையும். ஆகவே ராக்கர்த் தண்டை முன்னதாகவே தளர்த்தி வைப்பது நலம்.

எவ்வளவு விசை?

இப்பகுதியை ஆசிரியர்கள் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குதல் தகும். மாசி பெர்குசன் 35 வண்டியின் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் பிஸ்டனின் ஓட்ட நீளம் 127 மி.மீ.; எனவே கிராங்கின் ஆரம் அதிற்பாதி, 63.5 மி.மீ. ஸ்பானரின் பிடியில் குழாய் செருகி, 1.2 மீட்டர் தூரத்தில் ஒருவர் 40 கிலோகிராம் விசையுடன் அழுத்தினால், கிராங்குத் தண்டின்மேல் 48 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை உண்டாகும். இறுகிய பிஸ்டன் ஒன்றேயாகி, அதன் கிராங்கு செங்கோணத்தில் நிற்குமாயின், அதன்மேல் செல்லும் விசை ஏறத்தாழ 756 கிலோகிராம். அதே பிஸ்டன் உச்சியிலிருந்து 10 பாகை தூரத்தில் மட்டும் நிற்குமாயின், அதே மனிதரின் அதே அழுத்தம் கனெக்டிங் ராடின்மேல் 3,000 கிலோகிராமுக்கும் மேற்பட்ட விசையாக மாறும். உச்சியை நெருங்க நெருங்க இது இன்னும் பெருகும். கையால் அழுத்துபவர் இதனைச் சிறிதும் உணரார். இருவர் சேர்ந்து தொங்கினாலோ, டிராக்டரால் இழுத்தாலோ என்ன நேரும் என்பதை மாணவர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே நீண்ட குழாய்க்கு ஆசைப்படுதல் கூடாது. ஒருவர் கையால் தரக்கூடிய அழுத்தமே எல்லை. பெல்ட் சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடும், அதற்கு நேரே எஞ்சின் உடலில் மற்றொரு கோடும் இட்டுக்கொண்டு, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையில் சீராக அழுத்திப் பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் திருப்ப முன்புறத் திருகை நம்புதல் ஆகாது, அது கழன்றுவிடக்கூடும். ஸ்டார்ட்டர் இருந்த துளை வழியே ஃபிளைவீல் பற்களில் நெம்புகோலை வைத்து, பல் உடையாதவாறு திருப்பலாம். கோடுகள் ஒரு நூலளவு விலகினாலும் அது வெற்றியே. அப்போது மேலும் முன்னே தள்ளாது, வந்த வழியே பின்னுக்குத் திருப்புக. மீண்டும் முன்னே, மீண்டும் பின்னே. இடையிடையே எண்ணெய் விடுக. நொறுங்கிய துரு வளையத்துக்கு முன்னே குவிந்து மீண்டும் ஆப்பாவதைத் தடுப்பது இம்முன்பின் அசைவே.

வேறு கருவி இல்லையெனில், சமதரையில் வண்டியை உச்ச கியரில் வைத்துப் பின்சக்கரங்களைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம். கீழ்க் கியரில் சக்கரத்தின் விசை எஞ்சினை அடைவதற்குள் மிகவும் குறைந்துவிடும். ஆதலால் உச்ச கியரே ஏற்றது.

மூன்று வாரம் கடந்தும் அசையாவிடில் சிலிண்டர்த் தலையைக் கழற்றுவதே வழி. பிஸ்டனுக்கு மேலே தெரியும் சுவரிலுள்ள துருவை நன்கு சுரண்டித் துடைத்த பின்னரே பிஸ்டனை அசைக்க முயல வேண்டும். இல்லாவிடில் வளையம் அத்துருவில் ஏறி மாட்டிக்கொள்ளும். பின்பு பிஸ்டனின் அளவுக்குச் சற்றுச் சிறிய கடினமான மரத்துண்டை அதன்மேல் முழுதும் படியுமாறு வைத்து, மரத்தின்மேல் சுத்தியலால் அடிக்கலாம். ஓட்டத்தின் நடுவில் நிற்கும் பிஸ்டனையே அடிக்க வேண்டும். உச்சியிலோ அடியிலோ நிற்பதை எவ்வளவு அடித்தாலும் கிராங்கு சுழலாது. அடி முழுவதும் தாங்கியில் இறங்கும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் கிராங்குகள் 120 பாகை இடைவெளியில் இருப்பதால் அடிப்பதற்கு ஏற்ற பிஸ்டன் ஒன்றேனும் கிட்டும்.

விடுபட்ட பின்

எஞ்சின் முழுச் சுற்றுச் சுழன்றதும் உடனே ஓட்டிப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. அதனை அடக்கிக்கொள்ள வேண்டும். சம்ப்பிலுள்ள எண்ணெயை முற்றிலும் வடித்து, வடிகட்டியை மாற்றி, புதிய மசகெண்ணெய் ஊற்றுக. ராக்கரை முன்போல் பூட்டி, டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்து, கையால் முழுமையாக இருமுறை சுழற்றி எங்கும் தட்டவில்லை என உறுதிசெய்க. அதன்பின் இன்ஜெக்டர்கள் இன்றியே ஸ்டார்ட்டரால் சுழற்ற வேண்டும். சிலிண்டரிலுள்ள எண்ணெய் துளைகள் வழியே வேகமாகப் பீறிடும். அதற்கு நேரே எவரும் முகத்தை நீட்டலாகாது. எண்ணெய் அழுத்தமானி எழும்வரை இவ்வாறு இடைவிட்டுச் சுழற்றுக. இன்ஜெக்டர்களை முன்னதாகவே எண்ணெய் ஊற்றிய சிலிண்டரில் பூட்டிவிடின், தேங்கிய எண்ணெய் அழுங்காது எஞ்சினை மீண்டும் தடுக்கும்.

முதல் ஓட்டத்தின்போது ஒருவர் காற்றுப் புகும் குழாயின் அருகே தடித்த பலகையுடன் நிற்றல் வேண்டும். சிலிண்டரில் மிஞ்சிய எண்ணெயே எரிபொருளாகி, டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் கட்டுக்கடங்காது வேகமெடுக்கலாம். அக்கணமே காற்றுவாயைப் பலகையால் அடைத்தால் நின்றுவிடும். கையால் அடைக்க முயலுதல் அபாயம்.

தொடக்கத்தில் வெண்புகையும் நீலப்புகையும் மிகுதியாக வரும். ஒரு மணி நேரத்தில் அது தணிந்து வருமாயின் வளையங்கள் தம் பள்ளங்களில் விடுபட்டு வருகின்றன என்பது பொருள். தணியாமல், சம்ப்பின் மூச்சுக்குழாயிலும் புகை வீசுமாயின், வளையம் ஒட்டியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. தலையைக் கழற்றியே தீரவேண்டும். தட்டும் ஓசை கேட்பின் அந்நொடியே நிறுத்துக. பிரிக்காமல் விடுவித்த எஞ்சின் அந்த விதைப்பை முடித்துக்கொடுத்தாலும், சுவரில் துரு அரித்த குழிகள் அவ்வாறே இருக்கும். எண்ணெய் செலவு கூடுதலாகவே இருக்கும். அறுவடைக்குப் பின் ஓய்வு கிடைக்கும்போது அதனைப் பிரித்து நோக்குமாறு உடையவரிடம் முன்கூட்டியே கூறிவைத்தல் நேர்மை.

பத்து மணி நேரம் ஓடியதும் மசகெண்ணெயை மறுபடி மாற்றுக. உதிர்ந்த துரு முழுவதும் அதில் இருக்கும். வண்டியை மீண்டும் நிறுத்தி வைக்கும்போது புகைக்குழாயின் வாயில் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்து வைத்து, மாதம் ஒருமுறை கையால் சில சுற்றுத் திருப்புவது போதுமானது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யுமுன் டப்பாவை எடுத்துவிட வேண்டும்.