கவனம் என்னும் கைமுதல்

அன்பிற்குரிய பேத்திக்கு,

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவரின் மதிப்பெண் குறையும்போது, சமூக ஊடகத்தில் எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதையே வீட்டார் முதலில் கணக்கிடுகின்றனர். ஆனால், வீணான நேரத்தை மறுநாள் கூடுதலாகப் படித்து ஓரளவு ஈடுசெய்துவிடலாம்; துண்டு துண்டான கவனத்துடன் படித்த நேரமோ, படித்ததாகவே கணக்கில் நின்று, வினாத்தாளைக் கையில் வாங்கும்போதுதான் தன் வெறுமையைக் காட்டுகிறது.

ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுவதை, சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009-இல் ‘கவன எச்சம்’ என்று பெயரிட்டு விளக்கினார். அவர் ஆராய்ந்தது பணியிட வேலைகளையே என்றாலும், அக்கருத்து படிப்பு மேசைக்கும் பொருந்துகிறது. இருபடிச் சமன்பாட்டைப் பாதி தீர்த்த நிலையில் இன்ஸ்டாகிராம் அறிவிப்பைத் திறந்து அரை நிமிடத்தில் திரும்பும் மாணவர், முந்தைய படிகளை மீண்டும் மனத்தில் ஏற்ற வேண்டியிருப்பதோடு, தோழி என்ன மறுமொழி எழுதுவாள் என்ற நினைப்பையும் சுமந்தபடியே கணக்கைத் தொடர்கிறார். இதை மனவுறுதிக் குறைவு என்று பழிப்பது நியாயமாகாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே ஓர் உயிரினத்தை விடாது முயலவைக்கும் என்று உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் சோதனைக்கூட விலங்குகளிடம் கண்டறிந்தார். அடுத்த ரீல் எதுவாக இருக்கும் என்று தெரியாமல் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் விரலையும் அதே எதிர்பார்ப்புதான் இயக்குகிறது.

கவனம் சிதறுவதால் வரும் இந்த இழப்பு எல்லார்க்கும் ஒரே அளவாக அமைவதில்லை என்பதைப் பேத்தி குறிப்பாக அறிய வேண்டும். பள்ளிக்குள் கைப்பேசியைத் தடைசெய்த இங்கிலாந்துப் பள்ளிகளை ஆராய்ந்து, லூயி-ஃபிலிப் பெலாண்ட், ரிச்சர்ட் மர்ஃபி ஆகிய பொருளியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தடைக்குப் பின் மாணவர்களின் மதிப்பெண் சராசரியாகத் திட்டவிலக்கத்தில், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவில், 6.4 விழுக்காடு உயர்ந்திருந்தது. மிகப் பின்தங்கியிருந்தவர்களிடம் அந்த உயர்வு 14.2 விழுக்காடாக இருக்க, முன்னணியில் இருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆகவே, இரவெல்லாம் ரீல்ஸ் பார்த்தும் வகுப்பில் முதலிடம் பெறும் தோழியை முன்மாதிரியாகக் கொள்வது, கைமுதல் நிறைய உள்ளவரைப் பார்த்துக் குறைவாக உள்ளவரும் கடன் கொடுக்கத் துணிவதைப் போன்றது.

எனினும், கைப்பேசியைப் பறித்து வைப்பது மட்டும் மதிப்பெண்ணைத் தந்துவிடாது. ஸ்வீடனில் பின்னர் நடந்த ஒத்த ஆய்வில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. மீண்ட கவனத்தை மாணவர் எதில் செலுத்துகிறார் என்பதும் முக்கியம். படித்த பகுதியையே திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பின் நடந்த சோதனையில் முந்தினாலும், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர் என்று ரோடிகர், கார்பிக் ஆகிய ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினர். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் குறிப்புகளையும் யூடியூபில் கேட்கும் பாடத்தையும் இவ்வாறு எழுதிப் பார்க்கும்போதுதான் அவை மாணவருக்குச் சொந்தமாகின்றன. ஆகவே, குறித்த நேரத்தில் அவற்றைப் பார்த்து முடித்தபின், கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு நாற்பது நிமிடம் எழுதுவது நல்ல தொடக்கமாகும்.

பகலில் கற்றது நினைவில் நிலைபெறுவதில் உறக்கத்தின் பங்கு பெரிது. 13 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. தலையணைக்கு அடியில் ஒளிரும் திரை அந்த உறக்கத்தைக் குறைக்கும்போது, மறுநாள் வகுப்பைக் கவனிக்கும் ஆற்றலோடு முந்தைய நாளின் உழைப்பும் சேர்ந்தே தேய்கிறது.

பேத்தியின் அறிவில் தாத்தாவுக்கு என்றும் ஐயம் இருந்ததில்லை. அவ்வறிவு வேலை செய்ய அமைதியான பொழுது கிடைக்க வேண்டும் என்பதே கவலை. இன்றிரவு முதல் கைப்பேசி கூடத்தில் கிடக்கட்டும். பேத்தி நிம்மதியாக உறங்கட்டும்.

அன்பும் ஆசியும்,
தாத்தா