வீடும் ஒரு வாடிக்கையாளரே

நம் கடைக்குத் தினமும் வந்து, பணமும் கொடுக்காமல், நோட்டிலும் எழுதாமல் சரக்கு வாங்கிச் செல்லும் வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. அவரிடம் நாம் பாக்கி கேட்பதே இல்லை. அவர் வேறு யாருமல்ல, நம் வீடுதான்.

தெருக்கோடி வீட்டுக்காரர் அரைக்கிலோ பருப்பு கடனாக வாங்கினால் உடனே பற்று எழுதுகிறோம். நம் வீட்டுக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் போனால் எழுதுவதில்லை. "நம் கடை, நம் பணம், எழுதுவானேன்?" என்ற எண்ணமே காரணம். வியாபாரம் நன்றாக நடந்தும் கடை வறண்டு போவதற்குப் பல சமயம் இந்த எண்ணமே வேராக இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விற்பனை வேறு, வருமானம் வேறு

நாளொன்றுக்கு ரூ.10,000 விற்கும் மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 நாளும் திறந்தால் மாத விற்பனை ரூ.3,00,000. அரிசி, சர்க்கரையில் லாபம் குறைவு. மசாலா, சில்லறைச் சாமான்களில் சற்று அதிகம். சராசரியாக விற்பனையில் 10 சதவீதம் நின்றால் மொத்த லாபம் ரூ.30,000. மீதி ரூ.2,70,000 நம் கல்லாவில் கிடந்தாலும் அது சரக்குப் பணம். மொத்தக் கடைக்குப் போய்ச் சேர வேண்டியது.

இந்த ரூ.30,000-இல் கடை வாடகை ரூ.6,000, மின்கட்டணம் ரூ.2,000, வண்டிக்கூலி, ஏற்று இறக்குக் கூலி ரூ.1,500, சேதாரம் ரூ.1,000, சந்தா முதலிய சில்லறைச் செலவு ரூ.500 என ரூ.11,000 போய்விடும். நிற்பது ரூ.19,000. வீட்டுக்கு எல்லை இதுதான்.

வீடு எடுப்பது எவ்வளவு? தினம் கல்லாவிலிருந்து ரூ.500 என்றால் மாதம் ரூ.15,000. அலமாரியிலிருந்து போகும் சாமான் ரூ.4,500. கடைக்கு யூ.பி.ஐ. மூலம் வந்த பணத்திலிருந்தே கட்டிய பள்ளிக் கட்டணமும் போன் பில்லும் ரூ.3,500. ஆக ரூ.23,000. மாதம் ரூ.4,000 துண்டு விழுகிறது, ஆண்டுக்கு ரூ.48,000.

இந்தத் துண்டு எங்கும் எழுதப்படுவதில்லை. முதலில் அலமாரியில் இடைவெளி தெரியும். பிறகு மொத்தக் கடையில் தவணை கேட்போம். ரொக்கத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி கிடைத்து வந்திருந்தால், ரூ.2,70,000 கொள்முதலில் மாதம் ரூ.2,700 அதனாலேயே கைநழுவும். வீட்டில் தொடங்கிய துண்டு, கடையின் லாபத்தையும் தின்று, முடிவில் முதலுக்கே மோசமாகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவது: பேரேட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் திறப்போம். கல்லாவிலிருந்து எடுக்கும் பணமும், வீட்டுக்குப் போகும் சாமானும் அதில் ஏற வேண்டும். சாமானை விற்பனை விலையில் அல்ல, கொள்முதல் விலையில் எழுதுவதே முறை. ஜி.எஸ்.டி.யில் சாதாரண முறையில் வரி கட்டுவோர், வீட்டு உபயோகத்துக்கு எடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது என்பதால் இந்தப் பக்கம் அதற்கும் உதவும்.

இரண்டாவது: நமக்கு நாமே சம்பளம் வைத்துக்கொள்வோம். ரூ.19,000 நிற்கும் கடையில் ரூ.2,000 கடைக்கே திரும்பட்டும். எடைத் தராசு, குளிர்பெட்டி பழுதானால் அப்போது கடன் தேட வேண்டாம். மீதி ரூ.17,000 வீட்டுக்கு. இதை வாரம் ஒரு நாள் குறித்துக் கொடுத்துவிட்டால் அன்றாடம் கல்லாவில் கை வைக்கும் பழக்கம் நிற்கும்.

மூன்றாவது: வங்கிக் கணக்கையும் பிரிப்போம். கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையின் பணம் கடைக்கான கணக்குக்கு மட்டும் வரட்டும். வீட்டுச் செலவு வேறு கணக்கிலிருந்து போகட்டும். நோட்டு கையைவிட்டுப் போனால் தெரியும். கைபேசியில் போகும் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வீட்டின் பங்கீடு

ரூ.17,000-ஐ எப்படிப் பிரிப்பது என்பதை வீட்டம்மாவுடன் உட்கார்ந்து பேசுவோம். சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மாதிரி: கடைச் சாமான் ரூ.4,500, பால், காய்கறி, எரிவாயு ரூ.4,500, மின்சாரம், போன் ரூ.1,500, படிப்பு ரூ.3,000, மருந்து ரூ.1,000, பண்டிகை, மொய், சீர் ரூ.1,000, சேமிப்பும் காப்பீடும் ரூ.1,500. ரூ.23,000 செலவழித்த வீட்டை ஒரே மாதத்தில் இந்த அளவுக்குள் அடக்க முடியாது. முதலில் ரூ.19,000-க்குள் கொண்டுவருவோம். துண்டு நின்றாலே பாதி வெற்றி. எவ்வளவு சுருக்கியும் முடியவில்லை என்றால், லாபம் நிற்கும் சரக்கைக் கூட்ட வழி தேட வேண்டும். கடன் வாங்கி ஈடுகட்டக் கூடாது.

பள்ளிக் கட்டணம் ஜூனில் மொத்தமாக வரும். தீபாவளியும் பொங்கலும் தேதி சொல்லி வருபவை. ஆண்டுச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதந்தோறும் ஒதுக்கினால் கடைசி நேரத்தில் திண்டாட வேண்டாம். தீபாவளி வாரத்தில் கல்லா நிறைந்திருப்பதைக் கண்டு நகைக்கடைக்குப் போய்விட வேண்டாம். அதில் பெரும்பகுதி அடுத்த வாரம் மொத்தக் கடைக்குக் கட்ட வேண்டியது.

தண்டல் கணக்கு

ரூ.10,000 தண்டலில் ரூ.1,000 பிடித்துக்கொண்டு ரூ.9,000 தருகிறார்கள், தினம் ரூ.100 வீதம் 100 நாள் கட்டுகிறோம். "ஆயிரம்தானே வட்டி" என்று தோன்றும். ஆனால் தினமும் அசல் குறைவதால் சராசரியாக நம் கையில் இருப்பது சுமார் ரூ.4,500 மட்டுமே. அதற்கு 100 நாளில் ரூ.1,000 என்றால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 80 சதவீதம். பத்து சதவீத லாபத்தில் ஓடும் கடை இதைத் தாங்காது. இரண்டு வட்டி என்பதும் ஆண்டுக்கு 24 சதவீதம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஏற்கெனவே பல கடன் உள்ளவர்கள், தொகையைப் பார்க்காமல், வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைப்பதே நல்லது.

கடைக்காரர் படுத்தால் கடை படுக்கும். எனவே காப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டாம். வங்கிக் கணக்கு வைத்திருப்போருக்கான மத்திய அரசின் இரு திட்டங்களுக்கு 2022 ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம், விபத்துக் காப்பீட்டுக்கு ரூ.20, ஆயுள் காப்பீட்டுக்கு ரூ.436. இரண்டிலும் காப்பீட்டுத் தொகை ரூ.2 லட்சம். ஆயுள் காப்பீட்டில் 50 வயது வரையும், விபத்துக் காப்பீட்டில் 70 வயது வரையும் சேரலாம்.

இந்த மாதப் பயிற்சி

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் பெரியவர்கள். நாளை காலை கடை திறந்ததும் ஒரு புதுப் பக்கத்தின் மேல் "வீடு" என்று எழுதுவோம். வீட்டுக்குப் போகும் ஒரு தீப்பெட்டியைக்கூட விடாமல் முப்பது நாள் குறிப்போம். மாதக் கடைசியில் அந்தக் கூட்டுத்தொகையையும், கடைச் செலவு போக நின்ற லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்போம். எது பெரிய தொகை என்று தெரிந்துகொண்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.