கற்றதை அளப்பது எவ்வாறு?

பால்வெட்டுப் பழகியவர் "ஒட்டு மரத்தில் வெட்டுச் சரிவு 30 பாகை" என்று ஒப்பித்துவிட்டால், அவரிடம் மரங்களை ஒப்படைப்பார் உண்டோ? மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டிக் காட்டச் சொல்வோம். வேலைத் திட்டமிடலைக் கற்பிக்கும்போது மட்டும், "திட்டம் என்றால் என்ன?" எனக் கேட்டு, மனப்பாடத்திற்கு மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். 1956இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் கற்றலை ஆறு படிகளாக வகுத்தபோது, நினைவிலிருந்து கூறுதல் கீழ்ப்படியிலேயே இருந்தது.

பாடம் முடிந்தபின் மாணவர் எதைச் செய்ய வல்லவராக வேண்டும் என்பதை ஆசிரியர் முதலில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். சோதனை அதிலிருந்தே பிறக்கும்.

மறுநடவை எடுத்துக்கொள்வோம். நாற்றங்காலில் விதை முளைப்பித்து, ஒட்டுக்கட்டி, கன்று வளர்க்க 12 மாதங்கள். பழைய மரங்களை வீழ்த்திக் குழி தோண்ட 8 மாதங்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நாளில் தொடங்குகின்றன. மழையால் குழி தோண்டுதல் ஒரு மாதம் தடைப்பட்டால் நடவு பிந்துமா? பிந்தாது; 4 மாத அவகாசம் உள்ளது. ஒட்டுப் பிடிக்காமல் ஒரு மாதம் வீணானாலோ, நடவும் ஒரு மாதம் பிந்தும். மிக நீண்ட வேலைத் தொடரே முடியும் நாளைத் தீர்மானிக்கிறது என்னும் இக்கணக்கை, அமெரிக்காவில் 1957இல் உருவான ஒரு முறை வரைபடமாக வரைந்து காட்டிற்று.

"பிந்தாது" என்ற விடை மட்டும் போதாது, காரணத்தையும் கேளுங்கள். ஊகித்துச் சொன்னவர் அங்கே அகப்பட்டுக்கொள்வார். எழுதப் பழகாத மூத்த கங்காணி ஒருவர் காரணத்தை வாயாற் கூறினால், அவருக்கு மதிப்பெண் மறுப்பது முறையன்று. இங்கு அளப்பது கையெழுத்தையன்று. குச்சிகளைத் தரையில் அடுக்கி விளக்கினாலும் முழு மதிப்பெண் வழங்கலாம்.