அழாத குழந்தை, சமத்துக் குழந்தையா?

"எவ்வளவு சமத்து தெரியுமா டாக்டர்! எங்களை முன்னே பின்னே பார்த்ததே கிடையாது. உள்ளே நுழைஞ்சதும் ஓடி வந்து மடியில உட்கார்ந்துக்கிச்சு. 'அம்மா'ன்னு கூப்பிட்டுச்சு. கிளம்பும்போதுகூட அழல. எங்களுக்கு அடுத்து வந்தவங்க மடிக்குப் போயிடுச்சு!"

பிள்ளையின் பிறந்த நாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டுவிட்டு வருபவர்கள் பலரும் நெகிழ்ந்துபோய் இப்படிச் சொல்வதுண்டு. அவர்களுடைய மனசு நல்ல மனசுதான். ஆனால், இதைக் கேட்கும்போது டாக்டர்களுக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும்.

உங்கள் வீட்டு இரண்டு வயது வாண்டு என்ன செய்யும்? புது ஆள் வந்தால் அம்மாவின் புடவைத் தலைப்புக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளும். தூக்க வந்தால் வீறிடும். 'இவர் என் ஆள், இவர் வேற்றாள்' என்று அதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கே இல்லாமல் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிற குழந்தைக்கு, 'என் ஆள்' என்று ஒருவர்கூட அமையவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஆஸ்பத்திரி வார்டுகளில் உட்கார்ந்து, அம்மாவைப் பிரிந்த சின்னக் குழந்தைகளைக் கவனித்தார். 1952-ல் இதைப் படமாகவே எடுத்துக் காட்டினார். குழந்தை முதலில் கத்தி அழும், வாசலையே பார்க்கும். பிறகு சோர்ந்து, சுருண்டு படுக்கும். மூன்றாவதாக எழுந்து விளையாடும், யார் ஊட்டினாலும் சாப்பிடும். "பழகிடுச்சு" என்று நர்சுகள் நிம்மதி அடைவார்கள். ஆனால் அம்மா வந்து நின்றால், அந்தக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்! ராபர்ட்சன் பயந்தது இந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்துத்தான்.

ருமேனியாவில் நடந்தது

பெற்றோரிடமிருந்து பிரிந்த குழந்தைக்கு நல்ல சாப்பாடும் கட்டிலும் மட்டும் போதுமா? இதற்கான பதில் ருமேனியாவிலிருந்து கிடைத்தது. மக்கள்தொகை பெருக வேண்டும் என்று சௌசெஸ்கு அரசு 1966-ல் கருக்கலைப்புக்குக் கடுமையான தடை போட்டது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது, அந்த இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள்.

பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் தலைநகர் புகாரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 பிஞ்சுகளில் பாதிப் பேரை, குலுக்கல் போல் தேர்ந்தெடுத்து, வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான ஏற்பாடு தொடர்ந்தது. நாலரை வயதில் அறிவுத்திறனைச் சோதித்தபோது, இல்லத்துக் குழந்தைகளின் சராசரி 73, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, பிறந்த வீட்டிலேயே வளர்ந்த குழந்தைகளுக்கு 109. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் உயரமும் எடையும்கூட ஒரே வருடத்தில் நன்றாக ஏறின. அன்பு டானிக் மாதிரி வேலை செய்யும் என்று பாட்டிகள் சொன்னால் நாம்தான் சிரிப்போம்!

பொதுவாக, இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அதிகம் தேறினார்கள். பிறகு ருமேனியா சட்டத்தையே மாற்றியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்க்க 2005 முதல் தடை வந்தது. (கடுமையான ஊனம் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு.)

இல்லத்து ஆயாக்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. காலை ஷிஃப்ட்டில் ஒருவர், ராத்திரிக்கு வேறொருவர், ஆளுக்குப் பத்துக் குழந்தைகள் என்றால் அவர்கள்தான் என்ன செய்ய முடியும்?

நம் நாட்டில் என்ன ஏற்பாடு?

அடி, உதை, பட்டினி, பாலியல் கொடுமை, சிறைக்குப் போன அப்பா, விட்டுவிட்டுப் போன அம்மா... இப்படிப்பட்ட வீட்டிலிருந்து மீட்கப்படும் குழந்தையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். அடுத்து குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குழுதான். மீட்டவரோ, போலீஸ்காரரோ, பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது.

முதல் வழி, சொந்தம். பாட்டி, சித்தி, தாய்மாமன். முகம் தெரிந்த மனிதர்கள், அதே குழம்பு வாசனை, அதே ஊர்ப் பேச்சு. ஆனால் பாட்டிக்கு மாத்திரை வாங்கவே பணம் இருக்காது. இரண்டு பேரன்களை எப்படி வளர்ப்பார்? இதற்குத்தான் நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா'வில் மாதம் 4,000 ரூபாய் வரை உண்டு. கணவரை இழந்த தாயின் குழந்தைகளுக்கும், உறவினரிடம் வளரும் அநாதைக் குழந்தைகளுக்கும் இது கிடைக்க வழி இருக்கிறது. வறுமை ஒன்றுக்காகவே, "ஹோம்ல மூணு வேளை சாப்பாடாவது கிடைக்கும்" என்று தாயே கொண்டுவந்து விட்ட குழந்தைகள் எத்தனை பேர்! அந்தத் தாய்க்கு இந்தத் திட்டத்தை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்தது ஃபாஸ்டர் கேர், அதாவது வளர்ப்புப் பராமரிப்பு. இதைத் தத்து என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் அதிகம். தத்து எடுத்தால் குழந்தை சட்டப்படி உங்களுடையது. வளர்ப்புப் பராமரிப்பிலோ நீங்கள் வளர்க்கிறீர்கள்; பெற்ற வீடு சரியானால் குழந்தை திரும்பிப் போகலாம். "போகிற பிள்ளையை எதுக்கு வளர்க்கணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குழந்தைக்கு அந்த இரண்டு வருடம் வீணில்லை. 2024-ல் வந்த புது நெறிமுறைகளின்படி, 35 முதல் 60 வயதுக்குள் தனியாக இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடம் வளர்த்த பிறகு, தத்துக் கொடுக்கத் தகுதியான குழந்தையாக இருந்தால் தத்து எடுக்கவும் வழி உண்டு. விசாரிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

இது எதுவும் அமையாதபோதுதான் குழந்தைகள் இல்லம். அதிலும், அண்ணன் தங்கை என்றால் கூடுமானவரை சேர்த்தே வைப்பது நல்லது. அம்மா இல்லாதபோது அண்ணன்தானே அந்த 'என் ஆள்'!

வீட்டுக்கு வந்த பிறகு

அக்கா மகளோ, வளர்ப்புக்கு வந்த குழந்தையோ, முதல் சில வாரங்கள் வீட்டைக் கலக்கிவிடும். தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்து வைக்கும். ஏழு வயதிலும் படுக்கையை நனைக்கும். திட்டாதீர்கள். படுக்கும் முன் நினைத்தால் எடுக்கிற மாதிரி ஒரு டப்பாவில் தின்பண்டம் வையுங்கள். சாப்பாடு நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை வந்தால், ஒளித்து வைப்பது தானாகக் குறையும்.

குழந்தை கொண்டுவந்த பழைய துணியை, அழுக்குப் பொம்மையைத் தூக்கி எறியாதீர்கள். அது அதன் வீட்டின் மிச்சம்.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது ஆகிய மூன்றையும் ஆரம்பத்தில் ஒரே ஆள் செய்யட்டும். ஊரே வந்து தூக்கிக் கொஞ்சுவது பிறகு இருக்கட்டும்.

பெற்ற தாயைப் பார்த்துவிட்டு வந்த அன்று குழந்தை அழும், முரண்டு பிடிக்கும். "பார்த்தாலே அழறான், இனிமே பார்க்க விட வேண்டாம்" என்று நாமாக முடிவு செய்வது தவறு. அழுகிறான் என்றால் பாசம் உயிரோடு இருக்கிறது. சந்திப்பால் ஆபத்து உண்டா என்பதை நலக் குழு சொல்லட்டும்.

மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆன பிறகு ஒருநாள், நீங்கள் கடைக்குக் கிளம்பும்போது, இதுவரை யார் போனாலும் கவலைப்படாத குழந்தை வாசல்வரை ஓடி வந்து அழும். "நல்லாத்தானே இருந்தா, இப்ப என்ன புதுசா?" என்று பதறி டாக்டரிடம் ஓடாதீர்கள். உட்கார்ந்து, எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள் என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

(பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை கொடுமைப்படுத்தப்படுவது தெரிந்தால், 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி ஃபோன் செய்யலாம். இரவிலும் எடுப்பார்கள்.)