எட்டு முழம் போதும்

முதல் வேட்டி எடுக்கப்போகும் தம்பிகளுக்கு, ஐம்பது வருஷமாகக் கட்டுகிறவன் சொல்வது.

1. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எட்டு முழமாக வாங்குங்கள். நாலு முழம் வீட்டுக்குச் சரி. வெயிலில் நின்றால் கால் தெரியும். எட்டு முழத்தை இரண்டாக மடித்துச் சுற்றுவதால் அந்தக் கவலை இல்லை.

2. கரை அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பச்சையோ அரக்கோ போதும். நாலு விரல் சரிகைக் கரை கல்யாணத்துக்கு எடுப்பாக இருக்கும், துட்டி வீட்டுக்கு ஆகாது. கறுப்பு சிவப்பு மாதிரிக் கட்சிக் கரை என்றால் நீங்கள் வாய் திறக்குமுன் கரை பேசிவிடும். வேட்டி எளிமையாக இருக்கட்டும், பகட்டைத் தோளுக்கு விட்டுவிடுங்கள்.

3. ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்த வேட்டியில் பழகாதீர்கள். கட்டப் பழகுங்கள். காலைச் சற்று அகட்டி நில்லுங்கள், இல்லாவிட்டால் நடை தட்டும். முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து, இரு முனைகளையும் முன்னால் இழுத்துப் பிடித்து, ஒன்றை இடுப்போடு ஒட்டிச் சொருகுங்கள். மற்றதை அதன்மேல் இறுக்கிக் கொண்டுபோய் இடுப்பெலும்புக்கு மேலே சொருகுங்கள். வலமா இடமா என்பது உங்கள் வீட்டு வழக்கம். கடைசியில் மேல்விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு சுருட்டு. பிடிமானம் முழுக்க அந்தச் சுருட்டில்தான். கட்டியபின் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

4. கல்யாணத்துக்கு: வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, முக்கிக் காயவைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். விளிம்பு புறங்காலைத் தொடட்டும். தோளில் சரிகை அங்கவஸ்திரம். மாப்பிள்ளைக்குப் பஞ்சகச்சம் என்றால் இந்த வேட்டி பற்றாது. அதற்கு ஒன்பது ஐந்து, பத்து ஆறு என்று தனியாகவே கடையில் கேட்க வேண்டும்.

5. அலுவலகத்துக்குக் கஞ்சி குறைவாக, கணுக்கால் அளவில். தயக்கமே வேண்டாம். 2014இல் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு சட்டசபையில் அதற்கென்றே சட்டம் வந்தது. இன்று வேட்டியைக் காட்டிப் பொது இடத்தில் தடுப்பது குற்றம்.

6. சுசீந்திரம், குருவாயூர் போன்ற கோயில்களில் சட்டையைக் கழற்ற வேண்டும். பெல்ட் வெளியே தெரியும், பழைய பெல்ட்டோடு போகாதீர்கள்.

7. துட்டி வீட்டுக்குக் கஞ்சி போடாத, துவைத்துத் துவைத்து மெத்தென்றான வேட்டி. ஒருமுறை கல்யாணப் பந்தியிலிருந்து நேரே நண்பனின் அப்பா சாவுக்குப் போனேன். கூடத்தில் உட்காரும்போது என் விறைத்த வேட்டி சரசரத்தது, அழுதுகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

8. பந்தி பரிமாற, வண்டி தள்ள, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டலாம். பெரியவர் எதிரே வந்தால் இறக்கிவிடுங்கள், அது மரியாதை. ஆனால் தோள்துண்டை இடுப்பில் கட்டச் சொல்லி யார் அதட்டினாலும் எடுக்காதீர்கள். என் தாத்தா காலத்தில் சாதியைச் சொல்லி எத்தனையோ பேரை அப்படி நிற்கவைத்தார்கள். துண்டைத் தோளில் போடுவதே ஒரு போராட்டமாக இருந்த ஊர்கள் உண்டு.

9. நைந்தபின் தூக்கிப் போடாதீர்கள். அம்மாவிடம் கொடுங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, வடகம் பிழிய அதைவிட நல்ல துணி கிடையாது.