சென்று மீளும் காலம்: ‘பிங்’ அளவையும் அதன் பிழைகளும்

எழுத்தொலியின் நீட்டத்தை அளக்கக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகக் கொண்டார் தொல்காப்பியர். மாத்திரை என்னும் அவ்வளவு, அளக்கப்படும் ஒலியோடு மட்டுமன்றி அளப்பவனது உடலோடும் தொடர்புடையது. இமை சோர்ந்தால் மாத்திரையும் நீளும். இதனாலன்றோ உரைகாரர்கள் வலிந்து இமைப்பதை விலக்கி, இயல்பாக நிகழும் இமைப்பையே அளவாகக் கொண்டனர்! அளவுகோல் கண்ணிமையினின்றும் கணிப்பொறிக்கு மாறிவிட்ட இக்காலத்தும் அளப்பவனது சோர்வு அளவில் கலந்தே வருகின்றது. வலைப்பின்னல் கண்காணிப்பு மென்பொருள்கள் காட்டும் ‘மறுமொழி நேரம்’ என்னும் எண்ணைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

‘பிங்’ என்பது மிகச் சிறியதொரு நிரல். 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்கப் படைத்துறை ஆய்வுக்கூடமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பார் அதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியலையை எழுப்பி, அது எதன்மீதேனும் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அறியுமன்றோ? அவ்வொலியின் பெயரையே தம் நிரலுக்குச் சூட்டினார். ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்குச் சிறிய தகவற்பொதி ஒன்றை அனுப்புகின்றது. பெற்ற பொறி அதனை அவ்வாறே திருப்பி விடுகின்றது. ஜான் போஸ்டல் 1981இல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 792 என்னும் ஆவணம் இவ்வினா விடைக்கு முன்னரே விதி வகுத்திருந்தது. புறப்பட்ட நேரத்தைப் பொதியினுள்ளேயே எழுதி அனுப்பி, மீண்டதும் கழித்துப் பார்ப்பது மூஸ் கையாண்ட எளிய உத்தி. புறப்பாடும் வருகையும் ஒரே பொறியின் கடிகாரத்தால் குறிக்கப்படுவதால், இரு ஊர்களின் கடிகாரங்களை ஒப்பவைக்கும் தொல்லை இல்லை. எனினும், அந்த ஒரே கடிகாரமும் அதனைப் பார்க்கும் நிரலும் பிழைபட்டால் திருத்துவார் யாருமிலர் என்பதும் இதனாலேயே நேர்கின்றது.

இவ்வெண் பிழைபட்டால் என்ன கேடு என்று மாணவர் வினவலாம். காஞ்சிபுரம் மாவட்டத்து ராஜகுளம் போன்றதோர் ஊரின் ஊராட்சி அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தோர் வரிசையில் நிற்கின்றனர், இணைப்பு மந்தமாயிருக்கின்றது. கண்காணிப்புத் திரையில் 40 மில்லி விநாடி என்னும் எண் சிவப்பாக ஒளிர்கின்றது. உடனே கம்பியிழையைப் பழிக்கின்றோம். இணைப்புத் தரும் நிறுவனத்திற்கு முறையீடு பறக்கின்றது. ஒப்பந்தத்தில் மறுமொழி நேரத்திற்கு வரம்பிருந்தால் தண்டத்தொகையும் பேசப்படும். குறையோ கண்காணிக்கும் பொறியிலேயே இருக்கின்றது! ஆள் வந்து கம்பியை மாற்றிச் சென்ற பின்னரும் எண் மாறாது, வரிசையும் குறையாது.

எண்ணை நம்புமுன் இயற்கை விதிக்கும் எல்லையை அறிதல் வேண்டும். கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே 100 கிலோமீட்டர் தொலைவு சென்று மீள 1 மில்லி விநாடி ஆகும். ராஜகுளத்திலிருந்து சென்னை அவ்வளவு தொலைவும் இல்லை. இழை எங்ஙனம் சுற்றிச் சென்றாலும் 40 மில்லி விநாடிக்குத் தொலைவைக் காரணம் கூற இயலாது. 2002இல் அமைந்த சென்னை – சிங்கப்பூர் கடலடி வடமோ ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் வழியே சிங்கப்பூர் சென்று மீள 32 மில்லி விநாடியேனும் வேண்டும். அங்குள்ளதாகக் கருதும் ஒரு பொறி 5 மில்லி விநாடியில் விடையிறுக்குமாயின், விடை தந்தது அப்பொறியன்று. அருகிலுள்ள வேறொன்று எனத் துணியலாம்.

அந்தமான் இதற்கு நல்ல சான்று. சென்னையிலிருந்து கடலடி இழைவடம் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கப்பெறும் வரை அத்தீவுகள் பெரிதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. வினா ஏறி இறங்கி, விடையும் ஏறி இறங்க வேண்டுமாதலால் அலை கடக்கும் வழி 1,43,000 கிலோமீட்டருக்கும் மேல். காலம் ஏறத்தாழ 477 மில்லி விநாடி. நூறைக் கடந்தால் எச்சரிக்க வேண்டும் எனப் பணிக்கப்பட்ட மென்பொருள் அன்று ஓயாது கூவியிருக்கும். அந்த எண்ணில் பிழையில்லை. நூறு என்று வரம்பு வைத்ததுதான் பிழை. இழைவடம் வந்த பின்னரும் எங்கேனும் 500க்கு அருகே எண் நின்றால், அவ்விடத்துப் போக்குவரத்து இன்னும் வான்வழியே செல்கின்றது என்று பொருள்.

இனி அளப்பவனது பிழைக்கு வருவோம். இதற்குச் சென்னையிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அரியதொரு சோதனை உண்டு. சென்னை வானாய்வு நிலையத்தின் வானியலாளராயிருந்த ஜான் கோல்டிங்காம் 1820, 1821ஆம் ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையிலும் மாலையிலும் பீரங்கி முழங்கும். நுங்கம்பாக்கத்து நிலையத்திலிருந்தோர் தீப்பிழம்பைக் கண்டது முதல் ஓசை கேட்கும் வரை கடிகாரத் துடிப்பை எண்ணினர். கோட்டை ஏறத்தாழ 13,900 அடி. மலை ஏறத்தாழ 29,500 அடி. வெப்பம், காற்று, ஈரம் ஆகியவற்றையும் நாள்தோறும் குறித்தனர். முடிவுகள் மாதத்திற்கு மாதம் வேறுபட்டன. 1823இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் அவை வெளிவந்தன.

கண்டவன் எண்ணத் தொடங்க அரை விநாடி தாழ்த்தினான் என வைத்துக்கொள்வோம். கோட்டை ஓசைக்கு ஆகும் ஏறத்தாழ 12 விநாடியில் அது நூற்றுக்கு நான்கு பங்கு பிழை; மலையோசைக்கு ஆகும் ஏறத்தாழ 26 விநாடியில் இரண்டு பங்குக்கும் குறைவு. இரு தொலைவுகளின் வேறுபாட்டை இரு நேரங்களின் வேறுபாட்டால் வகுத்தாலோ, அவன் தாமதம் இரண்டிலும் ஒன்றாயிருப்பதால் கழிந்தே போகும். பிங் அளவையின் பிழை தேர்வதற்கு இதனினும் சிறந்த வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை. முதலில் அருகிலுள்ள ரூட்டருக்கும், பிறகு தொலைவிலுள்ள பொறிக்கும் பிங் அனுப்புக. மென்பொருள் முன்னதற்கு 37, பின்னதற்கு 40 எனக் காட்டின், வெளியே செல்லும் வழிக்கு உரியது 3 மட்டுமே. 37ஐ வீட்டுக்குள்தான் தேட வேண்டும்.

அங்ஙனம் தேடுங்கால் முதலில் ஐயுறத்தக்கது கண்காணிப்பு மென்பொருளின் பணிச்சுமை. ஒரே நொடியில் ஐந்நூறு கருவிகளுக்கு வினா விடுத்தால், விடைகள் குறித்த காலத்தில் வந்தும் வாயிலில் காத்துக் கிடக்கும். நிரல் தன் முறை வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போதுதான் ‘வந்த நேரம்’ பதிவாகின்றது. அஞ்சல்காரர் காலையில் இட்ட கடிதத்தை மாலையில் திறந்து பார்த்து, அஞ்சல் தாமதம் என்பதை ஒக்கும் இது. அதே பொறியில், அதே வேளையில், கட்டளைத் திரையிலிருந்து தனியே பிங் அனுப்பிப் பார்த்தால் இது வெளிப்படும். தனிப் பிங் 2 என்றும் மென்பொருள் 40 என்றும் கூறின், குற்றவாளி மென்பொருளே. மேலும் உறுதி வேண்டுவோர், பொறிக்குள் பொதி நுழையும் நேரத்தை இயங்குதள அளவிலேயே பதியும் ‘வயர்ஷார்க்’ போன்ற கருவியைத் துணைக்கொள்க. வினாக்களை ஒருங்கே விடாமல் இடைவெளி விட்டு அனுப்புவதும், இயங்குதளம் குறித்த வருகை நேரத்தையே எடுத்தாள்வதும் இதற்கு மருந்து.

சில பொறிகளில் எண்கள் 0, 15, 16, 31 எனத் தாவித் தாவி வரும். இது வலைப்பின்னலின் இயல்பன்று. விண்டோஸ் இயங்குதளத்தின் பொதுக் கடிகாரம் இயல்பாக விநாடிக்கு 64 முறையே நகரும்; ஓர் அடி 15.6 மில்லி விநாடி. முழம் போட்டு நெல்மணியை அளக்கும் கதைதான்! நுண்கடிகாரத்தைக் கேட்டுப் பெறும்படி நிரல் எழுதப்பட்டிருக்க வேண்டும். எதிர்மறை எண்ணோ, திடீரென்று பேரெண்ணோ தோன்றினால், அளந்துகொண்டிருக்கையில் பொறியின் கடிகாரம் திருத்தப்பட்டிருக்கலாம். நாள், மணி காட்டும் கடிகாரத்தை விடுத்து, பின்னோக்கி நகராது ஓடும் உட்கடிகாரத்தால் அளப்பதே முறை.

முதற்பொதி மட்டும் தாழ்த்து வருவது இயல்பு. பெயருக்குரிய முகவரியையும் அதற்குரிய கருவியையும் தேடியறியும் காலம் அதனோடு சேரக்கூடும், அதனைத் தள்ளிவிடலாம். மின்சாரம் சேமிக்க உறங்கும் வைஃபை கருவிகள் நூறு மில்லி விநாடிக்கு மேலும் தாழ்த்தலாம். இடைவழி ரூட்டர்கள் பிறர் பொதிகளை விரைந்து கடத்திவிட்டுத் தமக்கு வந்த பிங் வினாவுக்கு ஓய்ந்தபோது விடை தரும். எனவே இடையிலுள்ளது 80 என்றும் அதற்கப்பாலுள்ளது 6 என்றும் காட்டினால், வழி நன்றாகவே இருக்கின்றது.

சராசரியும் ஏமாற்றும். பத்து விடைகளில் ஒன்பது 2 ஆகவும் ஒன்று 200 ஆகவும் இருந்தால் சராசரி 21.8. அவ்வளவு காலம் எடுத்த பொதி ஒன்றேனும் இல்லை! திரும்பி வாராத பொதிகளைச் சராசரியில் சேர்ப்பதற்கும் வழியில்லை. பாதி தொலைந்த இணைப்பு அழகிய எண்ணோடு பச்சையாக ஒளிர்வது இவ்வாறே. இடைநிலை எண்ணையும் தொலைந்தவற்றின் தொகையையும் அருகருகே காட்டாத திரையை நான் மதிப்பதில்லை.

வியப்பூட்டும் எண்ணெல்லாம் பிழையெண் என்று கொள்ளுதலும் தவறு. 2003இல் நிக்ஸி என்னும் தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் தோன்றுமுன், ஒரே நகரின் இரு நிறுவனங்களுக்கிடையே செல்லும் தகவலும் அயல்நாடு சென்று மீளக்கூடியதாயிருந்தது. அடுத்த தெருவுக்கு நூற்றுக்கணக்கான மில்லி விநாடி என்னும் எண் அன்று உண்மையையே உரைத்தது. சென்னை உள்ளிட்ட நகரங்களில் பரிமாற்ற நிலையங்கள் அமைந்த பின்னரே அச்சுற்றுவழி குறைந்தது.

பிங்கினால் அறியவே இயலாத ஒன்றும் உண்டு. 1822இல் பாரிசு நகருக்கு அருகே அராகோ முதலானோர் ஒலிவேகம் அளந்தபோது, வில்ஜுயிஃப், மான்லெரி என்னும் இரு மேடுகளிலிருந்தும் மாறி மாறிப் பீரங்கி சுட்டனர். காற்று ஒரு திசையில் விரைவுபடுத்துவதை மறுதிசையில் தடுப்பது ஈடுசெய்யும் என்பது கருத்து. இரு திசை நேரமும் தனித்தனியே அவர்கள் கையிலிருந்தன. பிங் தருவதோ இரண்டும் கூடிய ஒரே எண். சென்ற வழி 5, மீண்ட வழி 35 ஆயினும், இரண்டும் இருபதாயினும் திரையில் 40தான் தோன்றும். இவற்றைப் பிரித்தறிய இரு முனைகளிலும் ஒத்தோடும் கடிகாரங்கள் வேண்டும், பெரும்பாலும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் நேரத்தைக் கொண்டு அவற்றை ஒப்பவைப்பர். அத்தகைய ஒருவழி அளவைக்கென ‘ஓவாம்ப்’ என்னும் நெறிமுறை 2006இல் வகுக்கப்பட்டது. ஆய்வு வலைப்பின்னல்களில் அது பயன்படுகின்றது. ஊராட்சி அலுவலகத்திற்கு அச்செலவு மிகை.